சுழல் வெடிப்பலை ராக்கெட் எஞ்சின் "நன்றாக ஓடியது" என்றால், எதை அளந்தார்கள்?

கேள்வி இதுதான்: "நாசா 251 வினாடி ஓட்டிக் காட்டிவிட்டது, அமெரிக்க நிறுவனம் வீனஸ் ஏரோஸ்பேஸ் பறக்கவே விட்டுவிட்டது, 25 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்கிறார்கள். அப்புறம் ஏன் இன்னும் எல்லா ராக்கெட்டிலும் பழைய எஞ்சின்தான் இருக்கிறது? திரவ எரிபொருளில் ஓடும் சுழல் டெட்டனேஷன் (வெடிப்பலை) எஞ்சினின் செயல்திறனை எப்படித்தான் சோதிக்கிறார்கள்? கல்லூரி ப்ராஜெக்டாக நான் செய்து பார்க்கலாமா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 251 வினாடி என்பது எஞ்சின் உருகாமல் நின்றதற்கான சான்று. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய எஞ்சினைவிட இது சிறந்ததா என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. அந்தப் பதிலுக்கு மூன்று அளவுகள் வேண்டும்: உந்துவிசை எவ்வளவு, வினாடிக்கு எத்தனை கிலோ உள்ளே போனது, அதை உள்ளே தள்ள எவ்வளவு அழுத்தம் செலவானது. செய்தியில் முதலாவது வரும், சில சமயம் இரண்டாவது வரும். மூன்றாவது வந்து நான் பார்த்ததே அபூர்வம். ஆனால் வழக்கே அதில்தான் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடலாம். சாதாரண ராக்கெட்டில் எரிபொருள் ஏறக்குறைய மாறாத அழுத்தத்தில் எரிகிறது. டெட்டனேஷனில் ஒரு அதிர்ச்சி அலை கலவையை நசுக்கிக்கொண்டே போகிறது, அதன் முதுகிலேயே எரிதலும் நடக்கிறது. அழுத்தம் ஏறிய நிலையில் வெப்பம் வெளியாவதால் அதே எரிபொருளிலிருந்து கொஞ்சம் கூடுதல் வேலை வாங்கலாம் என்று சோவியத் இயற்பியலாளர் செல்டோவிச் 1940-லேயே எழுதிவிட்டார். வாய்ட்செகோவ்ஸ்கியும் அவர் கூட்டாளிகளும் சோவியத் நாட்டில் இந்த அலையை ஒரு வளையத்துக்குள் செக்குமாடு மாதிரி நிற்காமல் சுற்ற வைத்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிக்கல்ஸ் குழு 1960-களில் இதை ராக்கெட்டாக்க முடியுமா என்று பார்த்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி, அடியில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் துளைகள், மேலே திறப்பு. அலை அடிப்பக்கத்தில் சுற்றிச் சுற்றி ஓடும், அது கடந்துபோன இடத்தில் புதுக் கலவை நிரம்பும், அடுத்த சுற்றில் அதையும் எரிக்கும். எஞ்சினுக்குள் சுழல்வது அலை மட்டும்தான், எந்த உலோகப் பாகமும் சுழலாது. இதை முதலில் கேட்பவர்களில் பாதிப் பேர் டர்பைன் மாதிரி ஏதோ சுற்றுகிறது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி திரவம். ஆய்வுக்கூடங்களில் வந்த முடிவுகளில் பெரும்பகுதி வாயுவை வைத்து எடுத்தவை: மீத்தேன் வாயு, ஆக்சிஜன் வாயு, ஹைட்ரஜன் வாயு. வாயு கலப்பது சுலபம். உண்மையான ராக்கெட்டில் தொட்டியில் இருப்பது திரவம். அதை இந்த வளையத்துக்குள் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 76 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு சுமார் 239 மில்லிமீட்டர். அலை வினாடிக்கு 1,700 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 140 மைக்ரோ வினாடி. ஐந்து அலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் (அப்படி ஓடுவது சாதாரணம்) ஒவ்வொரு இடத்தையும் 28 மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை ஏதாவது ஒரு அலை தாண்டும். அந்த இடைவெளிக்குள் திரவம் வெளியே வந்து, துளியாக உடைந்து, ஆவியாகி, ஆக்சிஜனேற்றியோடு கலந்து தயாராக இருக்க வேண்டும். எரியும் ஹைட்ரோகார்பன் துளி ஆவியாகும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, தோராயமாக வினாடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் என்ற கணக்கு. 10 மைக்ரான் துளிக்கு 100 மைக்ரோ வினாடி. 50 மைக்ரான் துளிக்கு 2,500 மைக்ரோ வினாடி! அதற்குள் அலை பல முறை வந்துபோய்விடும்.

அதிர்ச்சி அலையே துளியைக் கிழித்துப் பொடியாக்கும் என்பது உண்மை, அதனால்தான் இந்த எஞ்சின் திரவத்தில் ஓடவே செய்கிறது. ஆனால் அலைக்குப் பின்னால் தாமதமாக எரியும் துளி, முன்னாலேயே சூடான பழைய வாயுவோடு உரசி எரிந்துவிடும் ஆவி, இவையெல்லாம் சாதாரண எரிதல் கணக்கில்தான் போகும். டெட்டனேஷனால் வரும் லாபம் அந்தப் பகுதிக்குக் கிடையாது. ஆகவே சோதனையில் முதலில் தெரிய வேண்டியது, உள்ளே போன எரிபொருளில் எவ்வளவு பங்கு அலையில் எரிந்தது என்பது. அதை நேரடியாக அளக்க ஒரு கருவியும் இல்லை. சுற்றி வளைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தாண்ட ஆளுக்கொரு வழி பிடித்தார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹைஸ்டர் குழு ஹைட்ரஜன் பெராக்சைடையும், அதோடு சேர்ந்ததும் தானாகவே பற்றிக்கொள்ளும் ஒரு எரிபொருளையும் பயன்படுத்தி திரவம்–திரவம் சோதனைகள் செய்தது. வார்சாவில் உள்ள போலந்து ஏவியேஷன் நிறுவனம் திரவ புரோபேனும் நைட்ரஸ் ஆக்சைடும் எடுத்தது. இரண்டும் தம் ஆவி அழுத்தத்திலேயே சீறிக்கொண்டு வெளிவரும், துளை தாண்டியதும் பாதி தானே ஆவியாகும், அது ஒரு புத்திசாலித்தனம். ஜப்பான்காரர்கள் எத்தனாலும் நைட்ரஸ் ஆக்சைடும். ரஷ்யாவில் எனர்கோமாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து 2016-ல் மண்ணெண்ணெய்–ஆக்சிஜனில் ஓட்டியதாக அறிவித்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான ஜோடி. ஆனால் அறிவிப்பு வந்த வேகத்தில் அளவீடுகள் வரவில்லை.

சரி, அளக்கும் கதைக்கு வருவோம்.

உந்துவிசை அளப்பது கேட்க எளிது. எஞ்சினை நெகிழும் தகடுகளில் தொங்கவிட்டு முன்னால் விசையை அளக்கும் ஒரு லோட் செல் வைத்தால் முடிந்தது என்று தோன்றும். கஷ்டம் என்னவென்றால், அந்த எஞ்சினுக்குத் திரவ ஆக்சிஜன் கொண்டுவரும் குழாயும் அதே மேடையோடு இணைந்திருக்கிறது. குளிரக் குளிரக் குழாய் சுருங்கி எஞ்சினை இழுக்கும், அழுத்தம் ஏறினால் விறைத்துக்கொண்டு தள்ளும். நான் பல வருடம் முன்பு ஒரு சின்னச் சோதனைக்கூடத்தில் இருந்தபோது, எஞ்சினைப் பற்றவைக்கவே இல்லை, குழாயைக் குளிரவைக்கத் திரவ நைட்ரஜன் மட்டும் விட்டோம், லோட் செல் நாங்கள் எதிர்பார்த்த உந்துவிசையில் கிட்டத்தட்ட நாலு சதவீதம் காட்டியது. அந்த மேடையில் அதுவரை எடுத்த எண்களை என்ன செய்வது என்று இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் நல்ல கூடங்களில், குழாயெல்லாம் குளிர்ந்து, அழுத்தம் ஏற்றிய நிலையிலேயே, தெரிந்த ஒரு விசையைக் கொடுத்து லோட் செல்லைச் சரிபார்ப்பார்கள். சோதனைக்கு முன்னும், முடிந்த பின்னும்.

இன்னொன்று, நேரம். குளிரூட்டல் இல்லாத செம்புக் கட்டியில் செய்த சோதனை எஞ்சின்கள் பெரும்பாலும் ஒரு வினாடி, இரண்டு வினாடிதான் ஓடும். அதற்கு மேல் இன்ஜெக்டர் பக்கம் உருக ஆரம்பிக்கும், ஏனென்றால் அலை உரசிப்போகும் அந்தக் கொஞ்ச உயரத்தில்தான் வெப்பம் மிக அதிகம். பற்றவைத்த அதிர்ச்சியில் மேடையே மணி அடித்த மாதிரி அதிரும். அந்த அதிர்வு அடங்க எடுக்கும் நேரத்தைக் கழித்தால் நம்பத்தகுந்த தரவு என்று மிஞ்சுவது அரை வினாடி. உள்ளே அலை வினாடிக்குப் பல்லாயிரம் முறை தாண்டுகிறது, மேடைக்குச் சில பத்து ஹெர்ட்ஸ் வரைதான் காது கேட்கும். எனவே அது சொல்வது சராசரி மட்டுமே. சராசரி போதும் என்பது வேறு விஷயம், ராக்கெட்டும் சராசரியில்தான் பறக்கிறது.

உள்ளே போகும் திரவத்தின் அளவு இதைவிட மோசம். வாயு என்றால் ஒரு தொண்டைத் துளையில் ஒலி வேகத்தில் ஓடவிட்டு, அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்தால் கணக்கு முடிந்தது. திரவத்துக்குக் கேவிட்டேட்டிங் வென்சுரி போடுவார்கள். ஒரு குறுகலில் திரவம் ஆவி அழுத்தத்துக்கும் கீழே இறங்கிக் குமிழி கட்டும், அதற்குப் பிறகு எஞ்சின் பக்கம் அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஓட்டம் மாறாது. வெடிப்பலை எஞ்சினுக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் ஒவ்வொரு அலையும் தாண்டும்போது துளைக்குள் திரவத்தைத் திருப்பித் தள்ளுகிறது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. வென்சுரியில் அழுத்தம் கணிசமாக விழும், அந்த விழுந்த அழுத்தத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அதோடு நைட்ரஸ் ஆக்சைடோ திரவ ஆக்சிஜனோ கொதிநிலைக்குப் பக்கத்தில் இருந்தால் குழாயிலேயே குமிழி வரும். டர்பைன் வகை ஓட்டமானி சுற்றும் வேகத்தைத்தான் சொல்லும், சுற்றவைத்தது திரவமா நுரையா என்று அதற்குத் தெரியாது.

இந்த இரண்டையும் வகுத்தால் வருவதுதான் ஐஎஸ்பி, அதாவது ஒரு கிலோ உந்துபொருள் எத்தனை நேரம் தன் எடைக்குச் சமமான விசையைத் தரும் என்பதை வினாடியில் சொல்லும் எண். உந்துவிசையில் ஒரு சதவீதப் பிழை, ஓட்டத்தில் ஒரு சதவீதப் பிழை என்றால் ஐஎஸ்பியில் சுமார் 1.4 சதவீதம். அந்த ஒரு சதவீதத்தையே கனவில்தான் பார்க்க வேண்டும். ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸாவும் நகோயா பல்கலைக்கழகமும் 2021 ஜூலை 27 அன்று உச்சினோவுராவிலிருந்து எஸ்-520-31 ஆய்வு ராக்கெட்டில் ஒரு சுழல் டெட்டனேஷன் எஞ்சினை விண்வெளியில் ஆறு வினாடி ஓட்டினார்கள், வாயு மீத்தேனும் வாயு ஆக்சிஜனும். உந்துவிசை 518 நியூட்டன், ஐஎஸ்பி 290 வினாடி, பிழை எல்லை கூட்டல் கழித்தல் 18 வினாடி. இந்த 18-ஐ எழுதியதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும். அது ஆறு சதவீதம். நாம் தேடும் லாபமே ஐந்து முதல் பத்து சதவீதம் என்றால், ஆறு சதவீதப் பிழை உள்ள தராசில் அதை எப்படி நிறுப்பது? இத்தனைக்கும் அது வாயு. அடுத்து 2024 நவம்பர் 14 அன்று எஸ்-520-34-ல் எத்தனால், நைட்ரஸ் ஆக்சைடு என்று திரவத்துக்கு மாறி, விண்வெளியில் ஓட்டியும் காட்டினார்கள். தரையில் இல்லாத ஒரு வசதி அங்கே உண்டு: வெளியே வெற்றிடம் என்பதால் வளிமண்டலத்தின் எதிரழுத்தத்தைக் கழித்துக் கூட்டும் குழப்பம் இல்லை.

அடுத்து, உள்ளே ஓடுவது உண்மையில் டெட்டனேஷன்தானா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அலையின் கோட்பாட்டு வேகத்தைச் சாப்மன்–ஜூகே வேகம் என்பார்கள். மீத்தேன்–ஆக்சிஜன் சரிவிகிதத்துக்கு அது வினாடிக்குச் சுமார் 2,400 மீட்டர். எஞ்சினில் அளந்தால் பெரும்பாலும் அதில் 50 முதல் 80 சதவீதம்தான் வரும். கலவை சரியாகக் கலக்காதது, பழைய வாயு கலந்திருப்பது, பக்கவாட்டில் வாயு விரிந்து தப்பிப்பது என்று காரணங்கள் சொல்லலாம். ஆனால் எரிந்த வாயுவின் ஒலி வேகம் இருக்கிறதே, அது சாப்மன்–ஜூகே வேகத்தில் கிட்டத்தட்ட 55 சதவீதம். அப்படியென்றால் 55, 60 சதவீத வேகத்தில் ஓடும் அலை பலவீனமான டெட்டனேஷனா, அல்லது பலமான ஒலி அலையா?

ராக்கெட் எஞ்சினில் ஒலி அலை சுற்றுவது புதிதே கிடையாது. நிலவுக்கு ஆட்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினில் அப்படிச் சுற்றிய அலைதான் எஞ்சின்களைக் கிழித்துப்போட்டது. அதை அடக்க இன்ஜெக்டர் தட்டில் தடுப்புகள் வைத்து, ஓடும் எஞ்சினுக்குள் சின்ன வெடிகுண்டை வெடிக்கவைத்து, அலை தானாக அடங்குகிறதா என்று பார்த்தார்கள். அன்றைக்குக் கொல்லப் பார்த்த பேயை இன்றைக்குப் பூசை போட்டு அழைக்கிறோம். அந்தப் பேய்தான் வந்திருக்கிறதா, அதன் தம்பியா என்று பார்ப்பது முக்கியம், ஏனென்றால் வெறும் ஒலி அலை என்றால் வெப்பச் சேதம் முழுசாக வரும், லாபம் வராது.

இதைப் பார்க்க உயர்வேகக் கேமராதான் முதல் ஆயுதம். எஞ்சினுக்கு நேர் பின்னால், சுவரில் துளை போட்டுக் கண்ணாடி வழியாகவோ, தொலைவில் வைத்தோ, வளையத்தை வினாடிக்கு லட்சக்கணக்கில் படம் எடுப்பார்கள். கலிபோர்னியாவில் எட்வர்ட்ஸ் தளத்தில் அமெரிக்க விமானப்படை ஆய்வகம் இந்த முறையை ஒழுங்காக வளர்த்தது. வளையத்தை வெட்டிப் பிரித்து ஒரு கோடாக்கி, ஒவ்வொரு படத்தையும் ஒரு வரிசையாக அடுக்கினால் அலைகள் சாய்கோடுகளாகத் தெரியும். சாய்வு வேகம் சொல்லும், கோடுகளின் எண்ணிக்கை அலைகளின் எண்ணிக்கை சொல்லும், எதிர்ச்சாய்வில் மங்கலாக இன்னொரு கோட்டுக் கூட்டம் இருந்தால் எதிர்த்திசையில் ஓடும் அலைகளும் இருக்கின்றன என்று அர்த்தம். அவை ஒன்றையொன்று மோதிக் கலவையைக் கெடுக்கும். ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட அலைகள் இரண்டாகி மூன்றாகிப் பெருகுவதும் இதில் அப்படியே தெரியும், சோதனையின் நடுவிலேயே மூன்று நாலாக மாறும். அப்படி மாறினால் மாறியதற்கு முன்னும் பின்னும் சேர்த்து எடுத்த சராசரி உந்துவிசைக்கு அர்த்தமே இல்லை, இரண்டு வேறு எஞ்சின்களைச் சேர்த்துச் சராசரி எடுத்த மாதிரி. திரவம் என்றால் இன்னொரு தொல்லை: ஹைட்ரோகார்பன் எரிபொருள் மிகுந்த கலவையில் கரித்துகள் மஞ்சளாக ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூடும்.

அழுத்த சென்சார்கள் பாவப்பட்ட ஜீவன்கள். சுவரோடு சமமாக வைத்தால் ஒரு வினாடியில் செத்துப்போகும். உள்ளே தள்ளிச் சின்னக் குழாயின் பக்கவாட்டில் வைத்தால் பிழைக்கும், ஆனால் உச்சி மழுங்கிவிடும். அலையின் நேரத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. சராசரி அழுத்தத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான மெல்லிய குழாய் வைத்து அதன் கடைசியில் சாதாரண சென்சார் போடுவார்கள். ஏற்ற இறக்கமெல்லாம் குழாயிலேயே தேய்ந்து சராசரி வந்து சேரும். அது நேர்மையான சராசரியா என்று கேட்டால், கூர்மையான உச்சிகள் உள்ள இடத்தில் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

மூன்றாவது எண்ணுக்கு வந்துவிட்டோம். பழைய எஞ்சினில் "அறை அழுத்தம்" என்றால் எல்லோருக்கும் ஒரே பொருள். இங்கே அடியில் ஒரு அழுத்தம், மேலே ஒரு அழுத்தம், அலையின் முகத்தில் பல மடங்கு, பின்னால் குறைவு. எதை எடுத்து ஒப்பிடுவது? ஆளாளுக்கு வசதியானதை எடுத்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். இதற்குக் கேமிங், பாக்ஸன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு நியாயமான வழி சொன்னார்கள். உள்ளே சென்சார் என்ன சொல்கிறது என்பதை விட்டுவிடு, உந்துவிசையைப் பார். இதே ஓட்டத்தில் இதே விசையைக் கொடுக்க ஒரு சாதாரண, மாறாத அழுத்த எஞ்சினுக்கு எவ்வளவு அறை அழுத்தம் தேவைப்படும் என்று திருப்பிக் கணக்கிடு. அந்த அழுத்தம் இன்ஜெக்டருக்கு முன்னால் இருந்த அழுத்தத்தைவிட அதிகமா குறைவா? அதிகம் என்றால் எஞ்சின் அழுத்தத்தைச் சம்பாதித்தது. குறைவு என்றால் இழந்தது. இந்தத் தராசில் வைத்தால் வெளிவந்த சோதனைகளில் பெரும்பாலானவை நஷ்டக் கணக்குதான். காரணம் இன்ஜெக்டர். அலை திருப்பித் தள்ளாமல் இருக்க, சாதாரண எஞ்சினில் அறை அழுத்தத்தில் 15, 20 சதவீதம் விழவிடுகிற இடத்தில் இங்கே அதைவிடப் பல மடங்கு விழவிடுகிறார்கள். அலை சம்பாதிப்பதை நுழைவாயிலிலேயே செலவழித்துவிடுகிறோம்.

திரவத்துக்கு ஒரே ஒரு ஆறுதல் இங்கே உண்டு. வாயுவை அழுத்துவதை ஒப்பிட்டால் திரவத்தை அழுத்துவது மலிவு. அடர்த்தி அதிகம் என்பதால் பம்புக்கு ஒரு கிலோவுக்கு ஆகும் வேலை குறைவு. கனமான திரவத் தூண் வாயுவைப்போல் சட்டென்று பின்வாங்கவும் செய்யாது. ஆகவே "திரவம் கஷ்டம்" என்று மேலே நான் அழுத அழுகைக்கு எதிராக இதையும் எழுதிவைக்க வேண்டும். வாயு எஞ்சினில் வந்த நஷ்டக் கணக்கை அப்படியே திரவ எஞ்சின் தலையில் கட்டக் கூடாது. ஒரு முழு எஞ்சினாக, பம்பும் சேர்த்து, அதே பம்பு அழுத்தத்தில் ஒரு நல்ல சாதாரண எஞ்சினோடு பக்கத்தில் வைத்து ஒரே மேடையில் ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அதைச் செய்ய இரண்டு எஞ்சின் செய்யும் காசு வேண்டும், யாரும் விரும்புவதில்லை. பெரும்பாலும் சாதாரண எஞ்சினின் இடத்தில் நாசாவின் சிஇஏ மென்பொருள் சொல்லும் லட்சிய எண்ணை வைத்து "அதில் இத்தனை சதவீதம் எட்டினோம்" என்று எழுதுவார்கள். படிக்கும்போது லட்சிய எண்ணை எந்த அழுத்தத்தில் கணக்கிட்டார்கள் என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்திகளைப் பாருங்கள். போலந்து ராக்கெட் 2021 செப்டம்பர் 15 அன்று ஜெலோன்காவில் பறந்தது, எஞ்சின் 3.2 வினாடி ஓடியது, உயரம் சுமார் 450 மீட்டர். திரவத்தில் இப்படி ஒன்று பறக்க முடியும் என்று காட்டியது, அவ்வளவே அவர்கள் சொன்னதும். நாசாவின் மார்ஷல் மையத்தில் 2022-ல் 4,000 பவுண்டு (சுமார் 17.8 கிலோ நியூட்டன்) விசையில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம், சராசரி அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 622 பவுண்டு, அதாவது 43 பார். 2023-ல் 5,800 பவுண்டுக்கு மேல், 251 வினாடி. ஜிஆர்காப்-42 என்ற செம்புக் கலவையில் முப்பரிமாண அச்சில் குளிரூட்டும் கால்வாய்களோடு செய்த எஞ்சின். இதன் உண்மையான மதிப்பு, செம்பு உருகாமல் வெப்பச் சமநிலைக்கு வந்து நின்றது. சமநிலைக்கு வந்த எஞ்சினில்தான் ஒழுங்காக அளக்க முடியும், அரை வினாடித் தரவை வைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வகையில் 251 வினாடி என்பது செயல்திறன் சோதனைக்குக் கதவைத் திறந்துவிட்ட சோதனை. வீனஸ் ஏரோஸ்பேஸ் 2025 மே 14 அன்று நியூ மெக்சிகோவில் பறக்கவிட்டதும் அதே ரகம், அது ஒரு துணிச்சலான செயல்விளக்கம். ஐஎஸ்பி அளக்கும் இடம் அது கிடையாது.

25 சதவீதம்? அழுத்த விகிதம் குறைந்த சூழலில், மாறாத அழுத்தச் சுழற்சியோடு லட்சிய டெட்டனேஷனை ஒப்பிட்டால் அந்த மாதிரி எண்கள் காகிதத்தில் வரும். காற்றை உறிஞ்சும் எஞ்சினுக்குப் பேசலாம். ராக்கெட்டில் பிரச்சினை வேறு: வெற்றிடத்தில் ஓடும் எஞ்சினில் அறை அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால்கூட ஐஎஸ்பி பெரிதாக ஏறாது, ஏனென்றால் வாயு ஏற்கனவே நன்றாக விரிந்துவிட்டது. எனவே அழுத்த லாபம் கிடைத்தாலும் அது ஐஎஸ்பியாக மாறுவதைவிட, சின்ன பம்பு, குட்டையான அறை, எடை குறைந்த தொட்டி என்று மாறுவதுதான் நடக்கும். என் சொந்தக் கணிப்பு, இந்த எஞ்சின் முதலில் வேலைக்கு வரப்போவது இடமும் எடையும் நெருக்கடியான மேல்நிலை, நிலவுத் தரையிறங்கி மாதிரி இடங்களில். பெரிய முதல்நிலை எஞ்சினுக்குப் பக்கத்தில் வர ரொம்ப நாளாகும்.

உங்கள் ப்ராஜெக்ட். பற்றவைக்கும் சோதனை வேண்டவே வேண்டாம். நைட்ரஸ் ஆக்சைடு கையாளச் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எரிபொருளே இல்லாமல் குழாய்க்குள் தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடியது, ஆட்கள் செத்திருக்கிறார்கள். பெராக்சைடும் அப்படித்தான். அதற்குப் பதில் இன்ஜெக்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் அரை மில்லிமீட்டர் துளைகள் போட்டு, இரண்டு தாரைகள் மோதுகிற மாதிரி கோணம் வைத்து, தண்ணீரை மூன்று நாலு பார் அழுத்தத்தில் விடுங்கள். 30 வினாடி தண்ணீரைப் பிடித்து எடைபோட்டால் ஓட்டம் வந்துவிடும், அதைக் கோட்பாட்டு ஓட்டத்தால் வகுத்தால் துளையின் குணகம். ஒவ்வொரு துளையையும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒரே தட்டில் துளைக்குத் துளை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பிறகு தாரைக்கு எதிரே சட்டென்று ஒரு காற்று அடி கொடுத்து, அது பின்வாங்கி மறுபடி உருவாக எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று போனின் ஸ்லோ மோஷனில் எடுங்கள். பெரும்பாலான போனில் வினாடிக்கு 240 படம்தான் வரும், எஞ்சினில் நடக்கும் வேகத்துக்கு அது எங்கேயும் போதாது. ஆனாலும் துளை விட்டத்தையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றி அந்த மீளும் நேரத்தின் போக்கை வரைந்து, மேலே சொன்ன 28 மைக்ரோ வினாடிக் கணக்கின் பக்கத்தில் அதை ஒட்டிவையுங்கள். கைடு கேட்கும் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.